அட்டைப்பெட்டி அக்கா

ஏழை நாடுகளை முன்னேற்ற எத்தனையோ மேதைகள் எத்தனையோ வழி சொல்லியிருக்கிறார்கள். தேநீர் ஊற்ற மறந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றே, கடலுக்கு அப்பால் இருந்த ஓர் ஊரின் தாகத்தைத் தீர்த்தவர், எனக்குத் தெரிந்து, பினாங்கில் ஒரே ஒருவர்தான். அடையாள அட்டையில் அவருக்கு என்ன பெயர் என்று எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. முதலில் பேன்ட்ரி அக்கா. பிறகு, நான் செய்த ஒரு காரியத்தால், அட்டைப்பெட்டி அக்கா.

ஜார்ஜ் டவுனில், கடலோரமாக ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. தொழிற்சாலை அக்கரையில், மாக் மண்டினில். மின்சாரம் இல்லாமலே கலங்கல் தண்ணீரைக் குடிநீராக்கும் ஃபில்டர்களைச் செய்து விற்றோம். நான் விளம்பரப் பிரிவு. பிரிவு என்றால் நானும் ஒரு மேசையும்.

பேன்ட்ரியில் தேநீர் போட்டு எல்லார் மேசைக்கும் கொண்டுவந்து வைப்பது அக்காவின் வேலை. கெட்டில் சுவிட்சைத் தட்டிவிட்டு, தண்ணீர் கொதிக்கட்டும் என்று ஜன்னல் வழியாகக் கடலைப் பார்ப்பார். தண்ணீர் கொதிக்கும், ஆறும், மறுபடி கொதிக்கவைக்க வேண்டிய நிலைக்கு வரும். அக்கா பார்த்துக்கொண்டே இருப்பார்.

"அக்கா, தே எங்கக்கா?"

"இரு தம்பி. அந்தக் கப்பல் எந்த ஊருக்குப் போவுதுன்னு யோசிச்சிக்கிட்டிருக்கேன்."

"அது எண்ணெய்க் கப்பல்க்கா."

"எண்ணெய்க்கும் போய்ச் சேர ஒரு ஊரு இருக்கும்ல?"

நானும் இரண்டு நிமிடம் கப்பலைப் பார்த்துவிட்டு, தேநீர் இல்லாமல் திரும்பிவிடுவேன்.

அக்கா குடியிருந்ததும் மாக் மண்டின் பக்கம்தான். தினமும் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வருவார். ஒருநாள் பதினொரு மணிக்கு வந்து நின்றார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

"இறங்க மறந்துட்டேன் தம்பி. மூணு தடவ போய்ட்டுப் போய்ட்டு வந்துட்டேன். ரொம்ப நல்லாருந்துச்சி."

மூன்றாவது நடையில் ஃபெரிக்காரர்கள் அவரை ஏதோ மேலிடத்து அதிகாரி என்று நினைத்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு விறைப்பாக நின்றார்களாம். அக்கா சொன்னதுதான். நான் நம்பினேன்.

எங்கள் முதலாளியை எல்லாரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனிதர். ஆனால் வெளிநாட்டுக் கருத்தரங்கு எதற்காவது போய்விட்டு வந்தால் ஒரு வாரத்துக்குப் பிடிக்க முடியாது. ஒருமுறை விமான நிலையத்திலிருந்து நேராக என் மேசைக்கே வந்துவிட்டார்.

"தம்பி, உலகத்துல ஏழ்மைய யாரு ஒழிக்கணும்? கவர்மெண்டா? இல்லலா. பிசினஸ்! நாமதான்!"

எனக்கு அப்போது ஒழிக்கவேண்டிய வேலை வேறு நிறைய இருந்தது. இருந்தாலும் தலையாட்டினேன். திட்டம் இதுதான்: இங்கே ஒருவர் ஒரு ஃபில்டர் வாங்கினால், ஏழை நாட்டில் ஒரு குடும்பத்துக்கு இன்னொன்று இலவசம். வெளிநாட்டு உதவி அமைப்பு ஒன்று அங்கே விநியோகத்தைப் பார்த்துக்கொள்ளும். எந்த நாடு என்று இங்கே சொல்லப்போவதில்லை. அந்த நாட்டுக்காரர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை, பாவம்.

பெட்டியின்மேல் போட ஒரு படம் வேண்டும், அதுவும் அன்று சாயங்காலத்துக்குள். பேசி வைத்திருந்த மாடல் பெண் வயிற்றுவலி என்று வரவில்லை. தலையைப் பிடித்துக்கொண்டு பேன்ட்ரிக்குப் போனேன். அங்கே அக்கா, கையில் காலிக் குவளையோடு, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் பட நின்றுகொண்டிருந்தார். அந்தக் கண்களில் தாகம் இருந்தது, காத்திருப்பு இருந்தது, நாளைய பொழுது இருந்தது. ஒரு கண்டமே அந்த முகத்தில் நின்றது. கைத்தொலைபேசியில் எடுத்துவிட்டேன்.

"அக்கா, இத பெட்டில போட்டுக்கவா?"

"போட்டுக்க. நல்லாருக்கேனா?"

படத்துக்குக் கீழே ஏதாவது எழுதவேண்டுமே. அந்த நாட்டின் வரைபடத்தைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தேன். விரல் பட்ட இடத்தில் ஒரு சின்னப் புள்ளி. லொமாரி. உடனே எழுதினேன்: 'லொமாரியில் இவர் காத்திருக்கிறார். தண்ணீர் வரும்.'

பாஸ் கண் கலங்கிவிட்டார். "நம்ம அக்கா கண்ணப் பாருலா தம்பி. எவ்ளோ சோகம்!"

பல நாள் கழித்து அக்காவிடம் கேட்டேன், அன்றைக்கு அப்படி என்னதான் யோசித்தீர்கள் என்று. "கத்திரிக்கா வாங்கலாமா, வேணாமான்னு" என்றார்.

பெட்டிகள் அச்சாகி வந்தன. ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார் அக்கா. படித்துச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"லொமாரி எங்க இருக்கு தம்பி?"

"ரொம்ப தூரம்க்கா."

"பேருக்குள்ளேயே மாரி இருக்கு. மழையப் பேர்ல வச்சிக்கிட்டா அந்த ஊர்ல தண்ணி இல்லாம கெடக்குறாங்க?"

அன்று ஆரம்பித்தது. காலையில் குவளையை வைக்கும்போது ஒரு தடவை, சாயங்காலம் எடுக்கும்போது ஒரு தடவை. "லொமாரிக்குத் தண்ணி போயிடுச்சா தம்பி?" நானும் "போயிக்கிட்டே இருக்குக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். உண்மையில், ஃபில்டர் போகும் ஊர்களின் பட்டியலை உதவி அமைப்பு எப்போதோ அனுப்பிவிட்டது. எல்லாம் துறைமுகத்துக்குப் பக்கத்து ஊர்கள். லொமாரி அதில் இல்லை. அங்கே மனிதர்கள் இருக்கிறார்களா என்பதே எனக்குத் தெரியாது.

அக்காவுக்குத் தெரிந்திருந்தது. ஜன்னலோரம் நின்று அந்த ஊரைக் கட்டிக்கொண்டிருந்தார். சிவப்பு மண்ணாம். ஊருக்கு நடுவில் பெரிய மரமாம். பெண்கள் விடியுமுன்னே குடத்தோடு கிளம்பிவிடுவார்களாம். வழியில் ஒருத்தி பாடிக்கொண்டே வருவாளாம். அவள் குரல் அவ்வளவு நன்றாக இராதாம். சொல்லும்போது அக்காவின் குரல் தாழ்ந்துவிடும். கேட்கிற எனக்கும் கண் சொருகும். அலுவலகத்தின் ஏர்கோன் சத்தம் மறைந்து, எங்கோ கால்கள் மண்ணில் நடக்கும் சத்தம் கேட்பதுபோல இருக்கும்.

ஒருநாள் விடுமுறைப் படிவத்தில், காரணம் என்ற இடத்தில், 'ஊரில் வறட்சி' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மனிதவளப் பிரிவில் இருந்த பெண் பினாங்கு முழுக்க விசாரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். "எந்த ஊர்லண்ணே வறட்சி? நேத்துகூட எங்க வீட்டு வாசல்ல வெள்ளம்!"

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் லொமாரிக்காகப் பால்குடம் எடுத்தார். கூட நானும் போயிருந்தேன். வேறொரு நாள் அங்கேயே அர்ச்சனைக்கு இருவரும் போனபோது குருக்கள் யார் பெயருக்கு என்றார்.

"லொமாரிக்கு சாமி."

"நட்சத்திரம்?"

அக்கா மேலே வானத்தைப் பார்த்து யோசித்தார். பின்னால் வரிசை வளர்ந்துகொண்டிருந்தது. "ஊருக்கெல்லாம் நட்சத்திரம் தெரியல சாமி. நீங்களே நல்லதா ஒண்ணு போட்டுக்குங்க."

அன்றைக்குத்தான் எனக்குத் தாங்கவில்லை. படியிறங்கும்போது உண்மையைச் சொல்லிவிட்டேன். "அக்கா, அது சும்மாக்கா. மேப்ல கண்ண மூடிக்கிட்டு எடுத்த பேரு. லிஸ்ட்ல அந்த ஊரே கெடையாது."

கோபப்படவில்லை. நாலைந்து படி இறங்கித் திரும்பினார்.

"பேரு நீ எழுதுன. மூஞ்சி யாரோடது?"

"உங்களோடதுக்கா."

"அப்ப தண்ணி வரும்னு அவங்களுக்குச் சொன்னது யாரு? நாந்தானே."

மறுநாள் எனக்குத் தேநீர் வந்தது. சீனி வரவில்லை. ஒரு வாரம் அப்படித்தான்.

நான் பாஸிடம் போய்ப் பட்டியலில் ஓர் ஊரைச் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். "லிஸ்ட் அவங்க போட்டது தம்பி. கை வைக்கப்படாது" என்றார். ஏன் என்று கேட்டிருந்தால் நான் எல்லாவற்றையும் சொல்லவேண்டியிருக்கும். கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவ்வளவுதான் என் வீரம்.

அடுத்த மாதம் உதவி அமைப்பிலிருந்து ஒரு குழு வந்தது. தலைவி ஒரு வெள்ளைக்கார அம்மா. நரைத்த முடி, கூர்மையான கண். கூட்ட அறையில் பாஸ் பேசிக்கொண்டிருந்தார். திரையில் எட்டடி உயரத்துக்கு அக்காவின் முகம். "லொமாரியில் இவர் காத்திருக்கிறார்" என்று பாஸ் உருக்கமாகச் சொன்ன அதே நொடியில் கதவு திறந்தது. தேநீர்த் தட்டோடு அக்கா உள்ளே வந்து, சரியாகத் திரைக்குக் கீழே நின்றார்.

அந்த அம்மா திரையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். பாஸின் முகம் ஃபில்டரில் போட்டு எடுத்ததுபோல வெளுத்துவிட்டது.

அந்த அம்மா எழுந்தே விட்டார். ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்: "நீங்களா? எப்படி இங்கே வந்தீர்கள்?"

"எவ்ரிடே ஃபெரி, மேடம்."

அந்த அம்மா இன்னும் மெதுவாக, "உங்கள் ஊருக்குத் தண்ணீர் வந்துவிட்டதா?" என்றார்.

அக்கா தட்டை மேசையில் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, இவங்களும் அதத்தான் கேக்குறாங்க. சொல்லு."

எழுந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்: மாடலின் வயிற்றுவலி, ஜன்னல், விரல், புள்ளி. கத்திரிக்காயைக்கூட விடவில்லை. வேலை போய்விட்டது என்று தெரிந்ததும் மனிதனுக்கு வருகிற தாராளம்.

"அந்த ஊர் உண்மையில் இருக்கிறதா?" என்றார் அந்த அம்மா.

"வரைபடத்தில் இருக்கிறது."

"இந்த அம்மா என்ன சொல்கிறார்?"

அக்காவுக்கு மொழிபெயர்த்தேன். அக்கா யாரையும் பார்க்காமல் கடல் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னார். "என் மூஞ்சியப் பாத்து யாராச்சும் தண்ணி வரும்னு ஒக்காந்திருந்தா? எனக்கு ராத்திரில தூக்கம் வரல தம்பி. அதச் சொல்லு."

சொன்னேன். பதில் பாஸிடமிருந்து வந்தது. அந்த இடத்தில்தான் அவர் முதலாளி, நான் குமாஸ்தா. எழுந்து, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "முதல் ஷிப்மென்ட் லொமாரிக்குத்தான். ஆரம்பத்திலிருந்தே அதுதான் எங்கள் எண்ணம்" என்றார். அவ்வளவு அழகாகச் சொன்னதில் நானே ஒரு கணம் நம்பிவிட்டேன். அந்த அம்மா அவரைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்துத் தலையசைத்தார்.

லிஃப்டில் பாஸ் என்னிடம் சொன்னார்: "தம்பி, நாளைலேருந்து மாக் மண்டின். லொமாரி பெட்டிய நீதான் ஏத்துற."

இரண்டு வாரம் ஏற்றினேன். ஒவ்வொரு பெட்டியிலும் அக்கா. என் தோளில், மார்பில், தலைமேல் அக்கா. கடைசி நாள் நிஜ அக்கா வந்தார். லோரியின் பின்பக்கம் நின்று, எட்டிய பெட்டிகளையெல்லாம் ஒரு தட்டுத் தட்டினார். "பத்திரமா போய்ச் சேருங்க" என்று தன் முகத்திடமே சொன்னார். லோரி ஓட்டுநர் என்னைப் பார்த்தான். நான் வேறுபக்கம் பார்த்தேன்.

பிறகு பல மாதம். ஜன்னலில் தெரிந்த ஒவ்வொரு கப்பலும் லொமாரிக்குப் போயிற்று. எண்ணெய்க் கப்பல்கூட.

ஒரு மதியம் பார்த்தால், அங்கிருந்த கள அலுவலரிடமிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. லொமாரியில் நாற்பது வீடுகள் இருந்தன. மண் சிவப்பில்லை, சாம்பல் நிறம். மரம் ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் ஃபில்டர்கள் போய்ச் சேர்ந்து, வீட்டுக்கு வீடு தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு வரி: 'பெட்டியில் இருக்கும் பெண்ணைப் பற்றி ஊரில் எல்லாரும் விசாரிக்கிறார்கள். அவள் வீட்டுக்குத் தண்ணீர் கிடைத்துவிட்டதா என்று கேட்கிறார்கள். என்ன சொல்லட்டும்?'

பேன்ட்ரிக்கு ஓடிப்போய்ப் படித்துக் காட்டினேன். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன்.

"அய்யோ பாவம், என்ன நெனச்சிக் கவலப்பட்டிருக்காங்க பாரேன். எழுது தம்பி. அக்கா நல்லாருக்கா. பைப்புல தண்ணி வருது. எங்க வீடு நாலாவது மாடி, அது வரைக்கும் ஏறுது. கவலப்படாதீங்க."

எழுதினேன்.

"அப்புறம், சாப்ட்டாங்களான்னு கேளு."

"அக்கா, அங்க இப்ப விடியக்கூட இல்லக்கா."

"விடிஞ்சதும் படிப்பாங்கல்ல. கேளு."

கேட்டேன். அனுப்பிவிட்டுத் திரும்பியபோது அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ சாப்ட்டியா?" என்றார். அந்த அலுவலகத்தில் அத்தனை வருடத்தில் என்னிடம் அதைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அக்கா இப்போது வேலையில் இல்லை. மகளோடு ஈப்போவுக்குப் போய்விட்டார். நானும் வேறு மேசைக்கு, பெரிய மேசைக்கு, வந்துவிட்டேன். மதியம் ஒரு மணி ஆகும்போது சில நாள் பேன்ட்ரி பக்கம் சும்மா போய் நிற்பேன். யாரும் கேட்காமலே, கடலைப் பார்த்துச் சொல்லிவிட்டு வருவேன்: சாப்பிட்டேன், அக்கா.