காற்றாடிக்கு ஒரு தையல்

தைத்து முடித்தாயிற்று. கயிறு கட்டுவதில்தான் சிக்கல். நாலு கயிறு, எது எந்த வளையத்துக்கு என்று டெய்லருக்குச் சுத்தமாக மறந்துபோனது.

பொத்தான் வைக்கக்கூடச் சாக்பீஸால் குறி போடுகிற மனிதர். பல் டாக்டரின் ராட்சதக் காற்றாடியை மெஷினில் நுழைப்பதற்காகக் கயிறுகளை அவிழ்த்தபோது மட்டும் அந்தச் சாக்பீஸ் காதிலேயே சும்மா உட்கார்ந்திருந்தது.

"குறி போட்டுக்குங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்," என்றாள் மனைவி, காஜா எடுத்தபடியே.

டாக்டருக்குப் பொழுதுபோக்கு ஒரு மூன்று சக்கர வண்டி. எஞ்சின் கிடையாது. காற்றாடி இழுக்க, அவர் தரையோடு தரையாக உட்கார்ந்து பறப்பார். போன வாரம் காற்றாடி கிழிந்தது. வண்டியின் இருக்கையிலும் ஒரு தையல் விட்டிருந்ததால் இரண்டையும் கடையில் இறக்கிவிட்டுப் போனார். காற்று கிழித்துவிட்டதாம். ஸ்கேல் வைத்த மாதிரி இவ்வளவு நேராகக் கிழிக்கிற காற்றும் உண்டா என்று டெய்லர் வியந்தார்.

சாயங்காலம் டாக்டர் வந்துவிடுவார். டெய்லரின் கடைவாய்ப் பல் ஒன்று பாதி வேலையில் நிற்கிறது. காற்றாடி கோணிக்கொண்டால் டாக்டரின் முகம் கோணும். அப்புறம் பல்லின் மீதிப் பாதிக்கு யாரிடம் போவது? டெய்லர் குத்துமதிப்பாகக் கயிறுகளைக் கட்டினார். எதற்கும் ஒரு தடவை பறக்கவிட்டுப் பார்த்துக் கொடுத்துவிடலாம் என்று மனைவியையும் வண்டியையும் தள்ளிக்கொண்டு கடற்கரைக்குப் போனார்.

கைக்கு ஒரு கயிற்றுப் பிடியாகப் பற்றி நின்ற டெய்லரை, காற்றாடி விரிந்த வேகத்தில் ஈர மணலில் தரதரவென்று இழுத்தது. செருப்பு இரண்டும் கிளம்பிய இடத்திலேயே நின்றன. மனைவி ஓடிவந்து சட்டையைப் பிடித்தாள். காலர் கையோடு வந்தது. அவரே தைத்த சட்டை.

"வண்டியில உக்காந்துக்குங்க. கனமா இருந்தா இழுக்காது," என்றாள்.

நல்ல யோசனையாகத்தான் பட்டது. உட்கார்ந்தார். வண்டி கிளம்பிவிட்டது.

முன்சக்கரத்தைத் திருப்பக் காலடியில் இரண்டு கட்டைகள் இருந்தன. ஆயுசெல்லாம் மெஷின் மிதித்த கால்களுக்கு அது போதாதா? தன்பாட்டுக்கு மிதிக்கத் தொடங்கின. வண்டி வளைந்து வளைந்து மணலில் ஜிக்ஜாக் தையல் போட்டுக்கொண்டே போனது.

எதிரே வாலிபால் வலை. டெய்லர் இடது கையை இழுத்தார். காற்றாடி வலப்பக்கம் போய் வலையைப் பார்த்தே பாய்ந்தது. இன்னும் பலமாக இழுத்தார். இன்னும் பலமாகப் பாய்ந்தது. ஆடிக்கொண்டிருந்த இரண்டு அணியும் முதன்முறையாக ஒரே திசையில் ஓடின.

"விட்டுடுங்க," என்று மனைவி கத்தினாள்.

"என் பல்லு," என்று கத்தினார் டெய்லர்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. தையல்காரர்கள் துணியைப் புரட்டிப் போட்டு உள்பக்கம் பார்த்துத் தைப்பவர்கள். கயிற்றையும் அப்படியே கட்டிவிட்டார், இடது வலதாகிவிட்டது.

"உள்பக்கம் பாத்துக் கட்டியிருக்கீங்க. கையைக் குறுக்கால மாத்துங்க."

மாற்றினார். காற்றாடி சொன்ன பேச்சைக் கேட்டது. வலை ஒரு முழம் தள்ளி விர்ரென்று பின்னால் போனது. கால்களும் மிதிப்பதை நிறுத்தின. அலை ஓரமாக வண்டி வழுக்கிக்கொண்டு பறக்க, உப்புத் தண்ணீர் முகத்தில் அடிக்க, டெய்லருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை வருஷம் உட்கார்ந்தே உழைத்தவருக்கு, உட்கார்ந்தபடியே இப்படிப் பறக்க முடியும் என்று யாரும் சொல்லவில்லையே. பல்லை மறந்தார். திருப்பி இன்னொரு சுற்று விட்டார். அப்புறம் இன்னொன்று.

நிறுத்தியபோது கரையில் டாக்டரும் அவர் மனைவியும் நின்றார்கள். பூட்டிய கடையைப் பார்த்துவிட்டுத் தேடி வந்திருக்கிறார்கள். டெய்லர் கன்னத்தைப் பொத்திக்கொண்டு இறங்கினார்.

டாக்டரோ தையலைத் தடவிப் பார்த்துப் பூரித்துப்போனார். ஒரு நூல் பிரியவில்லை. கையைக் குறுக்கே வைத்து இவ்வளவு வேகம் போன ஆளைத் தான் கண்டதேயில்லை என்றார்.

"வீட்டுல பழைய காத்தாடி ஒண்ணும் வண்டியும் சும்மா கிடக்கு. நீங்க எடுத்துக்குங்க. இனி வாராவாரம் சேர்ந்தே ஓட்டுவோம்."

டெய்லர் சின்னப் பிள்ளைபோலத் துள்ளினார். அவர் மனைவி ஒரு கையில் செருப்பும் மறு கையில் காலருமாக நின்றாள்.

டாக்டரின் மனைவி மெல்ல அவள் பக்கத்தில் வந்தாள்.

"உங்க கடையில பெரிய கத்தரிக்கோல் இருக்குமில்ல? வீட்டுக் கத்தரிக்கோலால அந்தக் காத்தாடி ஒண்ணை வெட்டவே எனக்கு மத்தியானம் பூரா ஆச்சு, இப்ப ரெண்டாயிடுச்சே."