மனைவி பக்கத்துக் காலியிடம்

"இடமில்லை" என்று ஒன்பதாவது தடவையாகச் சொன்னது கம்ப்யூட்டர். கல்யாணப் படங்களை ஏற்றப் பார்த்த போட்டோக்காரர் அதை முறைத்தார்.

வீட்டுக்கு ஒரே பெட்டி; உள்ளே இரண்டு குடித்தனம். ஒரு பக்கம் இவருடைய சிஸ்டம், மறுபக்கம் டீச்சர் மனைவியுடையது. ஸ்விட்சைப் போட்டதும், 'எந்தப் பக்கம்?' என்று கேட்கும். மனைவி பக்கத்தில் நாளைய பரீட்சை வினாத்தாள் இருந்தது; வேறெங்கும் பிரதி இல்லை. காலியிடமோ மைதானம் மாதிரிக் கிடந்தது.

மைத்துனனுக்குப் போன் போட்டார்.

"டேய், எதையும் அழிக்காம, முதல்லேருந்து எல்லாத்தையும் ஏத்தாம, உங்கக்கா பக்கத்தைக் கொஞ்சம் நெருக்க முடியுமா?"

"முடியும் மாமா. பென்டிரைவ் போட்டுக் கம்ப்யூட்டரைக் கிளப்பினா ரெண்டு பக்கமும் கட்டமாத் தெரியும்; அக்கா கட்டத்தோட எல்லைக்கோட்டை உள்ளே இழுங்க. முதல்ல ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கங்க."

"காப்பி எடுக்க இடமிருந்தா உன்னை ஏண்டா கூப்பிடறேன்?"

இழுத்தார். இடம் கிடைத்தது. ஆனால் மனைவிக்கு அந்தப் பக்கம், கோடியில்! இவருக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் மனைவி.

"இப்ப என்னடா?"

"அக்காவை முழுசாத் தள்ளி உட்கார வைக்கணும்."

"இருபது வருஷமா அது என்னால முடியலையேடா!"

தள்ளினார். பச்சைப் பட்டை மூன்று மணி நேரம் ஊர்ந்து, 'வெற்றிகரமாக முடிந்தது' என்றது. இந்தப் பெட்டிகள் அப்படிச் சொல்லும்போதுதான் மனுசன் பயப்பட வேண்டும். அவர் பயப்படவில்லை, அணைத்து மறுபடி போட்டார்.

கறுப்புத் திரை. 'எந்தப் பக்கம்?' என்ற கேள்வியே இல்லை. இரண்டு குடித்தனமும் போன இடம் தெரியவில்லை.

மைத்துனன் போனை எடுக்கவில்லை. மணி நாலு. ஐந்துக்கு மனைவி வந்துவிடுவாள். வினாத்தாள் எங்கே என்பாள். போட்டோக்காரர் செருப்பை மாட்டினார். கடைத்தெரு ரிப்பேர்க்காரரை ஓடிப்போய்க் கையோடு இழுத்துவந்தார்.

ரிப்பேர்க்காரர் பெட்டி முன்னால் உட்கார்ந்தார். ஏதேதோ தட்டினார். பத்தே நிமிடத்தில் கேள்வி திரும்பி வந்தது. வினாத்தாளும் பத்திரம்.

"போன உசுரு வந்துச்சுப்பா! நீங்க இங்க வந்தது மட்டும் எங்க வீட்டம்மாவுக்குத் தெரிய வேண்டாம்."

ரிப்பேர்க்காரர் பையை மூடினார்.

"கவலையே படாதீங்க சார். போன மாசம் உங்க பக்கத்துல பாதியை நறுக்கி அவங்க பக்கம் சேர்த்துக் குடுத்தப்ப, அவங்களும் இதையேதான் சொன்னாங்க."