பாஸ்டர் ஐயாவுக்கு முன்கூட்டியே ஓர் அஞ்சலி

விஜயநகர், மைசூரு

கிறிஸ்துவுக்குள் மிகவும் பிரியமான ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

தங்கள் இதழில் மாதாமாதம் தியானக் கட்டுரை எழுதிவரும் தேவஇரக்கம் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. தாங்களும் வீட்டில் அம்மாவும் கர்த்தருடைய கிருபையால் சுகமாயிருப்பீர்கள். இங்கே நானும் என் மனைவி ரோஸ்லினும் இந்த நிமிஷம் வரை உயிரோடிருக்கிறோம். எங்கள் சபையின் பாஸ்டர் மாசிலாமணி ஐயாவும் உயிரோடுதான் இருக்கிறார். இப்போது அதுதான் பிரச்சினை.

'காலத்தோடு போங்கள், எழுத்தாளர்களுக்கு உதவும் வலைப்பூக்களைப் படியுங்கள்' என்று தாங்கள்தானே போனில் சொன்னீர்கள்? நான் ரயில்வேயில் இருந்தவன், பச்சை விழுந்தால் போய்விடுவேன். கண்ணில் பட்ட வலைப்பூவிலெல்லாம் சேர்ந்தேன், சபையாருக்காகச் சொந்தமாகவும் ஒன்று தொடங்கினேன். அன்றோடு நிம்மதி போயிற்று. தினமும் எழுதாதவன் எழுத்தாளனே இல்லை என்கிறார் ஒருவர், தினமும் எழுதினால் வாசகன் ஓடிவிடுவான் என்கிறார் இன்னொருவர், மூன்றாமவர் எஜமான் கொடுத்த தாலந்தைப் பயன்படுத்தாமல் புதைத்தவனின் கதியைச் சொல்லி மிரட்டிவிட்டுத் தன் வகுப்பில் சேரச் சொல்கிறார். ஒன்றைப் படிக்காமல் விட்டாலும் தேவனுடைய அழைப்பையே அசட்டை செய்கிறேனோ என்று திரும்பப் போய்ப் படிக்கிறேன்.

அதில் ஒருவர், கட்டுரைகளை முன்கூட்டியே எழுதி வரிசையில் போட்டு வை, வெள்ளிதோறும் ஒன்று தானாக வெளியாகும், அஞ்சலியைக்கூட ஆள் இருக்கும்போதே எழுதிவிடு, துக்கத்தில் கை ஓடாது என்றார். நியாயமாகத்தான் பட்டது. அந்த வாரம் பாஸ்டர் ஐயாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன், சின்னதுதான். 'கர்த்தருக்குள் நித்திரையடைந்த எங்கள் மேய்ப்பர்' என்று அழுதுகொண்டே எழுதினேன். நன்றாகவே வந்துவிட்டது. அறுப்பின் பண்டிகைக் கட்டுரைக்குப் பின்னால் போட்டுவிட்டு மறந்துபோனேன்.

நேற்று வெள்ளிக்கிழமை, கொள்ளேகாலில் ஒரு கல்யாணம். பாயசம் வாய்க்குப் போகிற நேரத்துல சபைச் செயலர் சேகரன் போன் பண்றார். "என்ன அண்ணே, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாம நெட்டுல போட்டுட்டீங்களே! பெட்டிக்குச் சொல்லட்டுமா?"ன்னு அழுறார். எந்தப் பெட்டிங்கிறேன் நான். ரோஸ்லின் போனைப் பிடுங்கிப் பார்த்துட்டு, "அடப்பாவி மனுஷா, ஐயாவைக் கொன்னுட்டீங்களே!"ன்னு கத்தினா பாருங்க, பந்தியே எழுந்து நின்னுடுச்சு. அதுக்குள்ள பெண்கள் ஐக்கியம் மாலையோட பாஸ்டர் வீட்டுக்குப் போயிடுச்சு. கதவைத் திறந்தது ஐயாவே, லுங்கியோட! வீடு திரும்பினா பக்கத்து வீட்டுக் கன்னடக்கார கெம்பம்மா, "சார், பாஸ்டரு போய்ட்டாரந்தே, நிஜவா?"ங்கிறாங்க.

ஞாயிறு ஆராதனையில் எந்த முகத்தோடு உட்காருவேன்? பிரசங்க மேடையிலிருந்து என் பெயர் வரும். என்னைச் சபையைவிட்டு விலக்கினாலும் கேட்க நாதியில்லை. பயமாயிருக்கிறது ஐயா. என் கட்டுரைகளை இன்றோடு நிறுத்திவிடுங்கள். இனி பேனாவைத் தொடமாட்டேன்.

சமாதானத்தின் தேவன் தங்களையும், தங்கள் அச்சகத்தையும், என்னைப் போன்றவர்களிடமிருந்து தங்கள் வாசகர்களையும் காப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் முன்னாள் கட்டுரையாளன்,
தேவஇரக்கம்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் பாஸ்டர் ஐயாவே வந்துவிட்டார். நான் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். அவர் வெளியே நின்று, "இத்தனை வருஷ ஊழியத்துல என்னைப் பத்தி யாரும் இவ்வளவு நல்லா சொன்னதில்லைப்பா. அதை எடுத்துடாதே. ஞாயித்துக்கிழமை நீயே வாசி, நான் முன்வரிசையில உட்கார்ந்து கேக்கிறேன்" என்றார். நான் தாழைத் திறந்தேன். ஆகையால் மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள், இம்மாதக் கட்டுரையை இத்துடன் வைத்திருக்கிறேன். தங்களுக்கும் ஓர் அஞ்சலி எழுதி வரிசையில் போட்டாயிற்று, நன்றாகவே வந்திருக்கிறது. நல்ல போட்டோ ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவையுங்கள்.