நீல மெழுகும் வெளிக் கக்கூஸும்

“இந்த வீட்டுக்குள்ள கக்கூஸ் வரணும்னா, முதல்ல நான் வெளிய போகணும்” என்று ஆஸ்முண்ட் அறிவித்தார். தினமும் காலையில் அவர் அதற்காகத்தான் வெளியே போய்க்கொண்டிருந்தார் என்பது தனி விஷயம்.

ஈஸ்டர் விடுமுறையின் முதல் சாயங்காலம். மலைமேல் மரவீடு, உள்ளே அடுப்பு, வெளியே இடுப்பளவு பனி. மேஜைமேல் ஆரஞ்சுத் தோலுக்கு நடுவில் ஒரு வரைபடம் விரித்திருந்தது. அவர் மனைவி சுன்னிவா ஹாமர் நகரத்து வீட்டிலிருந்து கையோடு கொண்டுவந்தது. படுக்கையறைக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சதுரம், சதுரத்துக்குள் ஒரு முட்டை வடிவம். முட்டை எதைக் குறிக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

“மலைக்கு வர்றதே எளிமையா இருக்கத்தான்” என்றார் ஆஸ்முண்ட். “தண்ணிய ஏரியிலேர்ந்து மொள்ளணும். விறகு பொளக்கணும். காலைல நாப்பது அடி பனியில நடந்து போய் உக்காரணும். அப்பதான் மனுஷன் மனுஷனா இருப்பான்.”

“ஹாமர்ல குளியலறைத் தரை சூடா இல்லேன்னு போன வாரம் எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டது யாரு?”

“அது ஊரு. இது மலை.”

“அப்பா, மலையில உக்கார்ற பலகை உறைஞ்சு கிடக்குது” என்றாள் பதிமூன்று வயது மகள் திரீனே. “அடுத்த வருஷமும் இப்படியேன்னா நான் வரல. என் ஃபிரெண்ட் மேரேத்தே வீட்ல தங்கிக்கிறேன்.”

ஆஸ்முண்டுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விட்டுக்கொடுக்க முடியாத காரணம் ஒன்று இருந்தது. எளிமை அல்ல. ஈஸ்டர் வந்தால் நாட்டில் பாதிப் பேர் துப்பறியும் நாவலோடு உட்கார்ந்துவிடுவார்கள். ஆஸ்முண்ட் உட்காரும் இடம் வெளிக் கக்கூஸ். காலையில் அரை மணி நேரம், கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஒரு மெழுகுவத்தியை ஏற்றிவைத்துப் படிப்பார். ஐம்பதாம் பக்கத்திலேயே கொலைகாரனைக் கண்டுபிடித்துவிடுவதாகச் சொல்லிக்கொள்வார். யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள், யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். வருஷம் முழுக்க நகராட்சியில் மேலதிகாரி சொன்னதையும் வீட்டில் மனைவி சொன்னதையும் கேட்கிற மனிதருக்கு அந்த அரை மணி நேரம் சொத்து.

அவர் கையில் மிஞ்சியிருந்த இன்னொரு சொத்து மெழுகு. வீட்டில் காரைப் பார்ப்பது சுன்னிவா, கூரையைப் பார்ப்பது சுன்னிவா, வரிப் படிவம் சுன்னிவா. பனிச்சறுக்குப் பலகைக்கு அடியில் மெழுகு பூசுவது மட்டும் ஆஸ்முண்ட் இலாகா. காலால் மிதித்தால் மெழுகு பனியைக் கவ்வவேண்டும், சறுக்கும்போது விட்டுவிடவேண்டும். இன்றைய பனிக்கு எந்த மெழுகு என்று பார்த்துப் பூசத் தெரியாதவன் ஏற்றத்தில் பின்னால் வழுக்குவான். ஆஸ்முண்ட் குடும்பம் பத்தொன்பது வருஷமாக வழுக்கியதில்லை. இப்போதெல்லாம் அடியில் மயிர்ப்பட்டை ஒட்டிய பலகை கடையில் கிடைக்கிறது, மெழுகே வேண்டாம். அதை வாங்குகிறவர்களை ஆஸ்முண்ட் மனிதர்களாகவே மதிப்பதில்லை.

அந்தக் கர்வத்தில்தான் வாயைக் கொடுத்தார்.

“ஒரு பந்தயம்” என்றார். “நாளைக்கு ரெயின்ஸ்பூ விடுதிக்குப் போறோம். நடுவுல கல்மேடு இருக்குல்ல, அதை நான் நேரா ஏறுறேன். என் மெழுகு ஒரு தடவை வழுக்கி, நான் பலகையை விரிச்சு மீன்முள் மாதிரி தடம் போட்டு ஏறினா, கக்கூஸ் உள்ள வரட்டும். இல்லேன்னா பத்து வருஷத்துக்கு அந்த முட்டையைப் பத்திப் பேச்சே எடுக்கக்கூடாது.”

சுன்னிவா வரைபடத்தை மடித்தாள். “மெழுகு நீதான் பூசுவ?”

“வேற யாரு பூசுவா?”

“அதானே. வேற யாரு” என்றாள் சுன்னிவா. திரீனே ஏனோ ஆரஞ்சை வாயில் அடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

மறுநாள் ஏழு மணிக்கு ஆஸ்முண்ட் வெளியே வந்து சுவரிலிருந்த வெப்பமானியைப் பார்த்தார். பூஜ்யத்துக்குக் கீழே ஆறு. பனியை ஒரு பிடி அள்ளிப் பிசைந்தார், முகர்ந்தார், கொஞ்சம் நாக்கிலும் வைத்தார். அதிலிருந்து அவருக்கு என்ன தெரிந்தது என்பது அவருக்கே வெளிச்சம். “நீலம்” என்று தீர்ப்பு சொன்னார். மூன்று ஜோடிப் பலகையிலும் நீல மெழுகைத் தடவி, தக்கையால் தேய்த்து, வீட்டுக்குப் பின்னால் விறகுக் கொட்டகைச் சுவரில் சாத்தினார். பிறகு நாவலை எடுத்துக்கொண்டு முன்பக்கம் நாற்பது அடி நடந்துபோனார்.

நாவலில் விடுதி முதலாளி செத்துக்கிடந்தார். தோட்டக்காரன்மேல் ஆஸ்முண்டுக்குச் சந்தேகம்.

அரை மணி கழித்து வந்தபோது பலகைகள் வரிசை மாறி நின்றன. அவருடையது தனியாக ஓரத்தில் இருந்தது. காற்றடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

முதல் நான்கு கிலோமீட்டர் சொர்க்கம். பிர்ச் மரங்களுக்கு நடுவே இரட்டைத் தடம், நீல வானம், பலகை சொன்னபடி கேட்டது. ஆஸ்முண்ட் முன்னால் போய்க்கொண்டே பின்னால் இருப்பவர்களுக்குப் பாடம் நடத்தினார். பிறகு வெயில் ஏறியது. வெப்பநிலை பூஜ்யத்தைத் தொட்டது. கல்மேட்டின் அடிவாரத்தில் பனி நனைந்த சர்க்கரை மாதிரி ஆகிவிட்டது.

முதல் மிதியில் வலது கால் பின்னால் போனது. இரண்டாவது மிதியில் இடது கால். மூன்றாவதில் ஆஸ்முண்ட் முழுசாகவே பின்னால் போய், புறப்பட்ட இடத்தில் வந்து நின்றார்.

“அப்பா, நாங்க போகட்டுமா?” என்று கேட்டாள் திரீனே. கேட்டுவிட்டு நேராக ஏறினாள். அவளுக்குப் பின்னால் சுன்னிவா, கடைக்குப் போகிறவள் மாதிரி அவசரமில்லாமல் ஏறினாள். ஒருத்தர் காலும் வழுக்கவில்லை.

“எப்படிடி?”

“நீ பூசினதுதானேப்பா!”

அடுத்த வீட்டு ஹால்வர் முதுகுப்பையோடு கடந்துபோனார். அவருடையது மயிர்ப்பட்டைப் பலகை. “என்ன ஆஸ்முண்ட், நின்னுட்ட? இயற்கைக் காட்சியா?”

“ஆமா. நல்லா இருக்குல்ல.”

“கீழேர்ந்து பார்த்தா நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு ஹால்வர் மேலே போனார்.

ஆள் மறைந்ததும் ஆஸ்முண்ட் கடைசி ஆயுதத்தை எடுத்தார். குழாயில் அடைத்த பசை மெழுகு, நனைந்த பனிக்கு ஏற்றது. உறைந்துபோயிருந்த குழாயைக் கக்கத்தில் வைத்துச் சூடுபடுத்தினார். மூடி கழன்றது தெரியவில்லை. பாதி கக்கத்துக்குள் போனது, மீதியைப் பலகையில் அப்பினார். இப்போது வழுக்கவே இல்லை. கிடுகிடுவென்று ஏறினார். வெயில் படாத மர நிழலுக்குள் நுழையும்வரை ஏறினார். அங்கே பனி பொடிப்பொடியாக, காய்ந்து கிடந்தது. அடிக்கு அடி பசையில் பனி ஒட்டி ஒட்டி, ஆஸ்முண்ட் அரையடி வளர்ந்துவிட்டார். காலைத் தூக்கினால் மலையில் ஒரு பகுதியும் கூடவே வந்தது.

மேட்டின் உச்சியில் சுன்னிவா கைத்தடிகளில் சாய்ந்து நின்று ஆரஞ்சு தின்றுகொண்டிருந்தாள்.

“விரிச்சு ஏறேன் ஆஸ்முண்ட். யாரும் பார்க்கல.”

“நீ பார்க்கறியே.”

“நான் வேணா திரும்பிக்கிறேன்.”

அவள் திரும்பிக்கொண்டாள். ஆஸ்முண்ட் பனிக்கட்டியைச் சுரண்டினார், பல்லைக் கடித்தார், பலகையை விரித்தார். மேட்டின் பாதியிலிருந்து உச்சிவரை அழுத்தமாக ஒரு மீன்முள் விழுந்தது. அவருக்கு அழுகை வராத குறை. கக்கூஸ் போனதுகூடப் பரவாயில்லை. பத்தொன்பது வருஷப் பெயர் போய்விட்டதே!

ரெயின்ஸ்பூ விடுதியில் வாஃபிளும் பழுப்புச் சீஸும் வந்தன. ஆஸ்முண்டின் வலது கை உடம்போடு ஒட்டியிருந்ததால் இடது கையால் சாப்பிட்டார். ஹால்வர் காப்பியோடு அதே மேஜைக்கு வந்தார்.

“சுன்னிவா, இன்னிக்கு என்ன பூசின? பிரமாதமா ஏறினியே!”

“ஊதா. மேல லேசா சிவப்பு. வெயில் ஏறினா பனி நனையும்ல.”

ஆஸ்முண்டின் வாஃபிள் பாதி வழியில் நின்றது. “பூசினது நான். நீலம்.”

“நீ பூசுவ, சரி” என்றார் ஹால்வர். “அப்புறம் நீ கக்கூஸ் போவ. சுன்னிவா வந்து சுரண்டிட்டு வேற பூசுவா. வருஷாவருஷம் என் சமையலறை ஜன்னல்லேர்ந்து பார்க்கறேனே. என்னமோ குடும்ப வழக்கம்னு நினைச்சேன்.”

ஆஸ்முண்ட் வாஃபிளைத் தட்டில் வைத்தார். தப்பு செய்துவிட்டோம் என்று ஹால்வருக்குப் புரிந்து, சர்க்கரை எடுத்துவருவதாக எழுந்துபோனார், திரும்பி வரவில்லை.

“பத்தொன்பது வருஷமாவா?”

“பதினெட்டு. திரீனே பொறந்த வருஷம் நாம வரல.”

“உனக்கும் தெரியுமா?” என்று மகளைக் கேட்டார்.

“ஆறு வயசுலேர்ந்து அம்மாவுக்குத் தக்கை எடுத்துக் குடுக்கறது நான்தான்.”

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“முதல் வருஷம் சொல்லலாம்னுதான் இருந்தேன்” என்றாள் சுன்னிவா. “நீ கல்மேட்டை ஏறிட்டு மேலேர்ந்து கையை ஆட்டின பாரு. அவ்வளவு சந்தோஷமா உன்னைக் கல்யாணத்தன்னிக்குக்கூட நான் பார்க்கல. சரி, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.”

“அப்ப இந்த வருஷம் என்னோடதுல என்ன பண்ணின?”

“ஒண்ணுமே பண்ணல. இந்த வருஷம்தான் நான் ஒண்ணுமே பண்ணல.”

ஆஸ்முண்ட் யோசித்தார். பந்தயம் பந்தயம்தான், பேச்சு மாற வழியில்லை. ஆனால் மூளை இருக்கிறவன் தோல்வியிலும் ஏதாவது தேற்றிக்கொள்வான். அந்தச் சதுரம் வருவது வீட்டுக்குப் பின்பக்கம். பலகைகள் சாத்தியிருக்கும் கொட்டகைச் சுவர் அதற்கு நேர் எதிரே.

“கட்டிக்கோ” என்றார் கம்பீரமாக. “ஒரே ஒரு நிபந்தனை. உள்ள ஒரு ஜன்னல் வைக்கணும். பின்பக்கம் பார்த்து. பெரிசா.”

“தாராளமா” என்றாள் சுன்னிவா உடனே. உடனே சொன்னாள் என்பதைத் துப்பறியும் நாவல் படிக்கிறவர் கவனித்திருக்கவேண்டும்.

அடுத்த ஈஸ்டரில் எல்லாம் தயாராக இருந்தது. திரீனே மறுபேச்சு பேசாமல் மலைக்கு வந்தாள், தன் தோழி மேரேத்தேயையும் கூட்டிவந்தாள். ஆஸ்முண்ட் காலையில் வெப்பமானியைப் பார்த்தார். பனியைப் பிசைந்தார், முகர்ந்தார், நீலம் என்று தீர்ப்பு சொன்னார். எல்லாப் பலகைக்கும் பூசி, புது ஜன்னலுக்கு நேர் எதிரே, எண்ணி வரிசையாக நிறுத்தினார். எந்தக் கை வந்து தொடுகிறதென்று இன்றைக்குப் பார்த்துவிடலாம். நாவலைக்கூட எடுக்கவில்லை. உள்ளே போய்க் கதவைத் தாழிட்டு, சூடான இருக்கையில் உட்கார்ந்து, ஜன்னல் பக்கம் திரும்பினார்.

ஜன்னல் பெரிசுதான், பின்பக்கம் பார்த்துத்தான் இருந்தது. ஆனால் கண்ணாடி முழுக்கப் பால் நிறம். வெளிச்சம் வந்தது, வேறொன்றும் தெரியவில்லை. கக்கூஸ் ஜன்னலுக்கு வேறு எந்தக் கண்ணாடி போடுவார்கள்? யாரிடமும் போய்ச் சண்டை போட முடியாது.

வெளியே பலகையில் தக்கை தேய்க்கும் சத்தம் கேட்டது. நின்று நிதானமாகத் தேய்க்கிற சத்தம்.

“சுன்னிவா?” என்றார் ஆஸ்முண்ட்.

“மெதுவா உக்காந்து வா ஆஸ்முண்ட்” என்றது கண்ணாடி. “உன்னோடது மட்டும்தான் பாக்கி.”