கத்திரிக்காய்க் கிரிவலம்

என்னை யாராவது 'மெக்கானிக்' என்று கூப்பிட்டால் இந்த வயதிலும் உள்ளூர ஒரு பெருமை எட்டிப் பார்க்கத்தான் செய்கிறது. அப்படிக் கூப்பிடுகிறவர்கள் எல்லாருமே என் மனைவி வழிச் சொந்தக்காரர்கள், கிண்டலுக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்பது தெரிந்தும்!

எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். மூன்று கை மாறி வந்த ஒரு மோட்டார் சைக்கிள் என்னிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருவில் எல்லாரும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள். நான் எண்ணெயிலேயே குளிப்பேன். காலையில் ஒரு கோணியை விரித்து வண்டியைப் பிரித்துப் போட்டால், சாயங்காலம் திரும்பப் பூட்டி முடிக்கும்போது எப்படியும் இரண்டு நட்டு மிஞ்சும். 'தேவையில்லாமல் போட்டிருக்கிறான்' என்று அவற்றை ஒரு டப்பாவில் போட்டு வைப்பேன். (டப்பா நிறைந்துகொண்டு வந்தது. வண்டியும் ஓடிக்கொண்டிருந்தது. இதைவிட அத்தாட்சி வேண்டுமா?)

ரிப்பேரோடு நிறுத்திக்கொள்கிற ஆள் இல்லை நான். வண்டியை 'அபிவிருத்தி' செய்வேன். சைலன்சருக்குள் இருந்த சல்லடைக் குழாயை உருவி எறிந்தேன். அதன் பிறகு நான் தெருமுனை திரும்பும்போதே வீட்டில் அம்மா சோற்றை வடித்துவிடுவாள். சாவி போடுகிற இடம் அடிக்கடி தகராறு செய்ததால் அதைக் கழற்றிவிட்டு ஒயரை நேராக முறுக்கிவிட்டேன். உதைத்தால் கிளம்பும். நிறுத்த வேண்டுமென்றால் ஆக்ஸிலேட்டரை முழுக்கக் குறைத்தால் தானாகவே அணைந்துவிடும். அருமையான ஏற்பாடு! ஆக்ஸிலேட்டர் கேபிள் நைந்துபோனபோது, அதைவிடத் தடிமனாக இருக்கிறதே என்று சைக்கிள் பிரேக் கம்பியை மாட்டினேன். தடிமனானது உறுதியானது என்பது அன்றைய என் சித்தாந்தம்.

இப்படி இருக்கையில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பெண் கோமளா, மகாபலிபுரம். அவள் அப்பா தணிகாசலம் அங்கே மீனவர்களுக்கு வலை நூலும் கயிறும் விற்கும் கடை வைத்திருந்தார். நல்ல ஆகிருதி. அவர் கல்லாவில் உட்கார்ந்தால் பின்னால் இருக்கும் கயிற்றுச் சுருள்கள் தெரியாது. திருவிடந்தைக் கோயிலில் தாலி கட்டி, பக்கத்துச் சத்திரத்தில் சாப்பாடு என்று ஏற்பாடு.

கல்யாணத்துக்குச் சில வாரங்களுக்கு முன் ஒரு வேலையாகச் செங்கல்பட்டுக்கு வந்த மாமா, திரும்பும் வழியில் திருக்கழுக்குன்றத்தில் இறங்கிக் கல்யாணச் சமையல்காரர் எத்திராஜுவைப் பார்த்துப் பேச வேண்டும் என்றார்.

"பஸ்ஸுல போயிக்கிறேன் மாப்ள. உங்களுக்கு இன்னாத்துக்கு சிரமம்?"

"என்ன மாமா, நான் இருக்கும்போது பஸ்ஸா? எஞ்சின் இப்பத்தான் பிரிச்சு புதுசா ரிங் போட்டிருக்கேன். பட்டு மாதிரி போகும். ஏறுங்க!"

ஏறினார். வண்டியின் முன்சக்கரம் ஒருகணம் யோசித்தது. நான் யோசிக்கவில்லை.

திருக்கழுக்குன்றம் எல்லை வரை நிஜமாகவே பட்டு மாதிரிதான் போயிற்று. அங்கே வைக்கோல் ஏற்றிய ஒரு மாட்டு வண்டியை முந்துவதற்காக ஆக்ஸிலேட்டரைத் திருகினேன். முந்தினோம். திருகியதை விட்டேன். கைப்பிடி திரும்பி வந்தது, வேகம் குறையவில்லை. என் தடிமனான கம்பி அதற்கான குழாய்க்குள் இறுகி மாட்டிக்கொண்டுவிட்டது.

கிளட்சைப் பிடித்திருக்கலாமே என்பீர்கள். பிடித்தேன். எஞ்சின் போட்ட அலறலில் ஓரமாக மேய்ந்த ஆடுகள் சுவரேறின. புது ரிங் போட்ட எஞ்சின் ஐயா! பெற்ற பிள்ளையின் கழுத்தை நெரிப்பது போல இருந்தது. மனசு கேட்காமல் கிளட்சை விட்டேன். வண்டி ஒரு குதி குதித்ததில் மாமாவின் தோளில் இருந்த துண்டு பறந்து போயிற்று. பிரேக்கை மிதித்தேன், புகை வந்தது. பெட்ரோல் டேப்பை மூடினேன். அதை நான்தான் போன ஞாயிற்றுக்கிழமை கழற்றிச் சுத்தம் செய்து மாட்டியிருந்தேன் என்பதால், மூடுகிற பக்கம் திருப்பியதும் அது ரிசர்வைத் திறந்துவிட்டது.

நேரே போனால் கடைத்தெரு. மதியம் மலைமேல் கழுகு வரும் நேரம், பார்க்க வந்த ஜனம் தெருவை அடைத்து நின்றது. நல்லவேளையாக மலையைச் சுற்றிப் போகிற பாதை வெறிச்சோடிக் கிடந்தது. கூட்டத்துக்குள் போனால் கொலை, மலையைச் சுற்றினால் புண்ணியம். சட்டென்று அந்தப் பக்கம் திருப்பினேன். (இந்த இக்கட்டிலும் என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன் என்பதைச் சொல்லியாக வேண்டும்.)

எத்திராஜுவின் வீடு அந்தப் பாதையில்தான். மனிதர் வாசலிலேயே கைகூப்பி நின்றிருந்தார். நாங்கள் அவரைக் கடந்து போனோம்.

"இன்னா மாப்ள, எத்திராஜு வூடு தாண்டிப்போச்சே?"

"மலையை ஒரு சுத்து சுத்திட்டு வந்துடலாம் மாமா!"

"ஓ! சாமிய வலம் வந்துட்டு ஆரம்பிக்கணும்னு பாக்குறீங்களா? நல்ல பழக்கம்." மாமா பின்னாலிருந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஒரு சுற்று முடிந்தது. எத்திராஜு மறுபடி கைகூப்பினார். மறுபடி கடந்தோம்.

"மாப்ள…"

"மாமா, வண்டி நிக்கல."

பின்னாலிருந்து சத்தமே இல்லை. விழுந்துவிட்டாரோ என்று பயந்தேன். விழவில்லை. யோசித்துக்கொண்டிருந்தார். கடற்கரையில் வியாபாரம் செய்தவர் அல்லவா? அலை நிற்கட்டும் என்று யாரும் அங்கே காத்திருப்பதில்லை.

"சரி, நீங்க ரோட்டப் பாருங்க. நான் போற போக்குல பேசிக்கிறேன்."

அடுத்த முறை எத்திராஜுவின் வீடு வந்ததும் மாமா கைகளை வாயருகில் குவித்துக் கத்தினார். "எத்திராஜு! காலம்பர பொங்கலு, வடை!"

"ஆவட்டும் அண்ணாத்த!" என்றார் எத்திராஜு, ஏதோ எல்லா சம்பந்திகளும் இப்படித்தான் வந்து பேசுவார்கள் என்பது போல.

அடுத்த சுற்றில் லட்டும் ஜாங்கிரியும் முடிவாயிற்று. அதற்கடுத்ததுதான் வினையாகப் போன சுற்று. என் அப்பாவுக்குக் கத்திரிக்காய் ஒத்துக்கொள்ளாது. வாயில் பட்டால் உடம்பெல்லாம் அரிப்பு. மாப்பிள்ளை வீட்டாரின் மனம் கோணக் கூடாதென்று மாமா அதை நினைவாக வைத்திருந்தார். முழு மூச்சையும் திரட்டிக் கத்தினார்.

"கத்திரிக்கா வாணாம்!"

"இன்னா?"

நாங்கள் போய்விட்டோம். சந்தேகத்தோடு விட்டுவிட மாமாவுக்கு மனசில்லை. அடுத்த சுற்றிலும் கத்தினார். அதற்கடுத்த சுற்றிலும் எழுந்து நிற்காத குறையாகக் கத்தினார். நான் உருவி எறிந்த சல்லடைக் குழாய் இருந்திருந்தால் அந்த 'வாணாம்' ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கும். என் சைலன்சர் போட்ட 'டப டப'வில் எத்திராஜுவின் காதுக்குப் போனது 'வோணும்'.

"புரிஞ்சிபோச்சி அண்ணாத்த! ஜமாய்ச்சிடறேன்!" என்று இரண்டு கைகளையும் ஆட்டினார் அவர்.

கடைசியில் ரிசர்வும் தீர்ந்தது. குளக்கரையில் வண்டி இருமி, விக்கி, நின்றது. மாமா மெதுவாக இறங்கினார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். கொஞ்ச நேரம் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கல்யாணம் நின்றுபோயிற்று என்றே நினைத்தேன்.

"நான் பஸ்ஸுல போறேன் மாப்ள," என்றார். "நீங்க பாத்து வாங்க."

அன்று மகாபலிபுரத்தில் நடந்ததைக் கோமளாதான் பிறகு சொன்னாள். துண்டு இல்லாமல், தலையெல்லாம் புழுதியாக வந்து நின்ற மாமாவைப் பார்த்து மாமியார் அழுதுவிட்டாராம். "இந்த சம்பந்தமே வாணாம்! கல்யாணத்துக்கு முன்னாடியே மாமனாரைக் கொல்லப் பாக்குறான்!" கோமளாதான் தன் அப்பாவிடம் கேட்டாள்.

"கீழ வுட்டாரா உன்னை?"

"இல்ல."

"யாரு மேலயாவது மோதினாரா?"

"இல்லம்மா. பையன் நல்ல பையன்தான். நிறுத்தத்தான் தெரியல."

"அத நான் பாத்துக்கிறேன்," என்றாளாம் கோமளா.

கல்யாணம் திருவிடந்தையில் சொன்னபடி நடந்தது. காலைப் பந்தியிலிருந்தே எத்திராஜு தன் கைவண்ணத்தைக் காட்டினார். எண்ணெய்க் கத்திரிக்காய், கத்திரிக்காய்ப் பொரியல், கத்திரிக்காய்க் காரக்குழம்பு, காலைப் பொங்கலுக்கே கத்திரிக்காய்க் கொத்சு. சாம்பாரில் முருங்கைக்காய் இருக்கும் என்று நம்பிக் கரண்டியை விட்டவர்களும் ஏமாந்தார்கள். மாமா சமையல்கட்டுக்கு ஓடினார்.

"இன்னாய்யா இது?"

"நீங்கதான அண்ணாத்த, சுத்துக்கு சுத்து அதையே கேட்டுகினு இருந்தீங்க? இம்மா ஆசையா கேக்குறாரேன்னு வண்டி கட்டிகினு போயி வாங்கியாந்தேன்!"

என் அப்பா சம்பந்தி மரியாதைக்காக ஒரு வாய் மட்டும் சாப்பிட்டார்.

அந்தக் கல்யாணக் குரூப் போட்டோ இன்றும் எங்கள் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறது. எல்லாரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்க, அப்பா மட்டும் இரண்டு கைகளாலும் கழுத்தைச் சொறிந்துகொண்டு நிற்பார். வீட்டுக்கு வரும் புது மாப்பிள்ளையோ மருமகளோ காபி குடிப்பதற்குள் கோமளா அவர்களை அந்தப் படத்தடியில் கொண்டுபோய் நிறுத்தி, முழுக் கதையையும் சொல்லிவிடுவாள். ஒவ்வொரு தடவையும் ஒரு சுற்று கூடிக்கொண்டே போகிறது. இந்தப் பொங்கலுக்குப் பதினேழில் வந்து நிற்கிறது.

நான் திருத்துவதில்லை. இத்தனை பாரத்தோடு, இத்தனை சுற்று, ஒரு முறைகூடத் திக்காமல் ஓடியிருக்கிறதே, அந்த எஞ்சினை யாரப்பா அவ்வளவு நன்றாகப் பூட்டியது என்று மட்டும் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.