அப்பீல் அக்காவும் அடிப்படைக் கணக்கும்

எண்பதுகளின் கடைசியில் லண்டன் டூட்டிங்கில் யார் என்ன முடிவு எடுத்தாலும், அப்பீல் அக்கா அதைக் கேள்விப்படும் வரைதான் அதற்கு ஆயுள்.

மன்னாரிலிருந்து வந்தவர். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, அப்பீலில் வென்றவர். அந்த வெற்றிக்குப் பிறகு, 'இல்லை' என்று ஒருவர் சொன்னால் அதற்கு 'அடுத்த மேசைக்குப் போ' என்றுதான் அர்த்தம் என்று தீர்மானித்துவிட்டார். தேவாலயத்துக் கிறிஸ்மஸ் ஒளிவிழாவில் மருமகளுக்கு ஆட்டுக்குட்டி வேடம் கொடுத்த சுவாமியாரிடம் அப்பீல் செய்தார். பண்டிகையன்று சிறகு கட்டிய நாலு சம்மனசுகள் நிற்க வேண்டிய மேடையில் ஐந்து பேர் இடித்துக்கொண்டு நின்றார்கள். கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டும் என்ற பல் வைத்தியரிடமும் அப்பீல்தான். அந்தப் பல் இன்னும் உயிரோடு இருப்பதாகக் கேள்வி.

எங்கள் எல்லோருக்குமே ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாத காலம் அது. வேலை நிரந்தரமில்லை, விசா நிரந்தரமில்லை, அறைக்கு வந்தால் கட்டில் கூட ஷிப்ட் முறையில்தான். நான் பெட்ரோல் ஸ்டேஷனில் நின்றுகொண்டு, கணக்கியல் படித்து ஆளாகிவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கல்லூரியில் மாலை வகுப்புகள் உண்டு என்றார்கள். ஓடினேன். முதலில் கணக்குச் சோதனை ஒன்று எழுத வேண்டும், அதை வைத்துத்தான் எந்த வகுப்பு என்று தீர்மானிப்போம் என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஊரில் உயர்தரக் கணிதம் செய்தவன் நான்.

சோதனைத் தாளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. ஓர் அறையின் சுவருக்குக் கடதாசி ஒட்ட வேண்டும், ஸ்கேர்ட்டிங் போர்டைக் கழித்துவிட்டு அளவு சொல்ல வேண்டும். ஸ்கேர்ட் என்றால் பாவாடை. ஆகவே அது பாவாடை கொழுவுகிற பலகை என்று முடிவு செய்து, ஒரு பாவாடைக்கு இரண்டடி வீதம் கழித்தேன். அது சுவரின் அடியில் ஓடுகிற மரச்சட்டம் என்று பிறகுதான் தெரியும். அடுத்த கணக்கில் ஒருவர் பதின்மூன்று 'ஸ்டோன்' நிறையிலிருந்து மெலிகிறார். ஸ்டோன் என்றால் இங்கே பதினாலு இறாத்தல் என்று எங்களுக்கு யார் சொன்னது? எனக்குப் பக்கத்தில் எழுதிய சேவையர் அண்ணை, ஊரில் நில அளவைத் திணைக்களத்தில் பெரிய உத்தியோகம் பார்த்தவர், நிதானமாக எழுதினார்: "கல்லின் அளவு தரப்படவில்லை. கணக்கு முழுமையற்றது."

இருவரும் பெயில். அடிப்படைக் கணக்கு வகுப்பில் போட்டார்கள். அங்கே மார்கரெட் என்ற அன்பான ஆசிரியை பிளாஸ்டிக் நாணயங்களை மேசையில் கொட்டி, "இதில் எது பத்துப் பென்ஸ்?" என்று கேட்டார். சேவையர் அண்ணை கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த வகுப்பில்தான் அப்பீல் அக்காவும் இருந்தார். இருந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவர் கதிரையில் இருந்ததே இல்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையே நடந்தபடிதான் படிப்பு. அவருக்கு நேர்சரியில் பிள்ளைகளைப் பார்க்கும் வேலைக்குப் படிக்க ஆசை. அதற்கு அடிப்படைக் கணக்கில் பாஸ் வேண்டும். கணக்கோ அவரோடு எந்தச் சமரசத்துக்கும் வரவில்லை. கால்வாசி பெரிதா அரைவாசி பெரிதா என்றால், "எதின்ர கால்வாசி?" என்று திருப்பிக் கேட்பார்.

ஒரு நாள் என் மேசையடியில் நின்றார்.

"தம்பி, எல்லாம் சரியாச் செய்துபோட்டு நித்திரை கொள்ளுறீர். ஏன் இஞ்சை இருக்கிறீர்?"

"சோதனை பெயில் அக்கா."

"அப்பீல் பண்ணினீரோ?"

அவ்வளவுதான். அடுத்த நிமிஷம் நான் துறைத்தலைவரின் அறையில் மொழிபெயர்ப்பாளனாக நின்றேன். தாடியும், பனியிலும் மாற்றாத செருப்புமாகத் திரிகிற மனிதர். சட்டையில் 'எல்லோருக்கும் சம வாய்ப்பு' என்று ஒரு பட்ஜ். எங்களைப் போன்றவர்களுக்காக நகரசபைக் கவுன்சில் தனி நிதி தருகிறது, அது இந்த அடிப்படை வகுப்புக்கு மட்டும்தான், வகுப்பில் உள்ள தலைகளை எண்ணித்தான் தருகிறார்கள் என்று பெருமையோடு விளக்கினார்.

"அப்ப எங்களைப் பெயிலாக்கினாத்தான் உங்களுக்குக் காசோ எண்டு கேளும்" என்றார் அக்கா.

நிதி ஒழுங்குகளை அறிய அவர் ஆவலாக இருக்கிறார் என்று மொழிபெயர்த்தேன்.

"தம்பி, எனக்குக் கணக்குத்தான் வராது. இங்கிலீசு கொஞ்சம் விளங்கும். சொன்னதைச் சொல்லும்."

சொன்னேன். துறைத்தலைவரின் தாடி தவிர மற்ற இடமெல்லாம் சிவந்தது. எங்களுக்குத் தேநீர் தந்தார். கெட்ட மனிதர் இல்லை. அந்தக் கேள்வியை அவரிடம் அதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

தேநீரோடு விடுகிற ஆளா அக்கா? கல்லூரி அதிபரிடம் போனார். பிறகு கவுன்சிலரிடம். கவுன்சிலர் சனிக்கிழமைகளில் 'சேர்ஜரி' வைத்து மக்களைச் சந்திக்கிறார் என்றதும், இங்கே வைத்தியர் அறைக்கும் அதே பெயர் என்பதால், மனுசன் டொக்டர் என்றே நம்பிப் போய், முதலில் முழங்கால் நோவைக் காட்டியிருக்கிறார். அந்தக் கவுன்சிலரும் பொறுமையாக முழங்காலைப் பார்த்துவிட்டு, பிறகு கல்லூரிக் கதையையும் கேட்டார். அந்த முழங்காலை அவரால் மறக்க முடியவில்லை போலிருக்கிறது. அதன் பிறகு கல்லூரிக்கு அடிக்கடி தொலைபேசி எடுத்தாராம்.

இளவேனில் வருவதற்குள் விதி மாறியது. சோதனையில் இனிக் கதை கிடையாது, வெறும் கணக்கு. ஊர்ச் சான்றிதழும் செல்லும். நிதியை மேல் வகுப்புகளுக்கும் செலவிடலாம். மேல் வகுப்பில் திணறுபவர்கள் விரும்பினால் சோதனையை மறுபடி எழுதி, பெயிலானால் அடிப்படை வகுப்புக்கும் கூடுதலாக வரலாம். நாங்கள் கூட்டமாக மேலே போனோம். நான் கணக்கியலுக்கு, சேவையர் அண்ணை கட்டடத் துறைக்கு.

கீழே எஞ்சியவர்கள் அப்பீல் அக்காவும் இன்னும் மூன்று பேரும். பத்துப் பேராவது இல்லாவிட்டால் வகுப்பை மூடிவிடுவார்கள் என்று தாழ்வாரத்தில் மார்கரெட் சொன்னார். அக்கா எப்படியும் மேசை மேசையாக ஏறுவார் என்று காத்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. மரக்கறிக் கடையில் பிடித்தேன்.

"அக்கா, இதுக்கு அப்பீல் இல்லையோ?"

வெண்டிக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்தபடி நின்றார். "நான்தானே தம்பி கத்தினனான், இந்த வகுப்பாலை ஆக்கள் வீணாப் போகினம் எண்டு. இப்ப எனக்கு அது வேணும் எண்டு எந்த முகத்தோடை கேக்கிறது? அநியாயம் எண்டா அப்பீல் பண்ணலாம். எனக்குக் கணக்கு ஏறாததுக்கு ஆரிட்டை அப்பீல் பண்ணுறது?"

வெண்டிக்காயை வாங்காமலே போய்விட்டார். அப்படி ஒரு மெதுவான நடையை அவரிடம் நான் கண்டதில்லை.

சேவையர் அண்ணையிடம் சொன்னேன். யோசிக்கவே இல்லை அவர். "திரும்பப் பெயில் விடுவம். விதியிலை இடம் இருக்கு" என்றார். மேலே போன மற்றவர்களையும் அவரே கூட்டிவந்தார்.

பெயில் விடுவது லேசு என்று நினைத்திருந்தேன். எனக்கு லேசாகத்தான் இருந்தது, ஓரிடத்தில் முயற்சியே தேவைப்படவில்லை. சேவையர் அண்ணைதான் வேர்த்து விறுவிறுத்துப் போனார். ஏழெட்டு ஐம்பத்து நாலு என்று எழுதினார். பேனாவை வைத்தார். எடுத்தார். மனம் கேட்காமல் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஐம்பத்தாறு என்று எழுதிவிட்டார். தாளைத் திருத்திய மார்கரெட் அதைப் பார்த்தார், அண்ணையைப் பார்த்தார், அழிறப்பரை எடுத்து அந்த ஐம்பத்தாறைச் சுத்தமாக அழித்துவிட்டுப் பெரிதாக ஒரு பிழை போட்டார்.

வியாழக்கிழமை வகுப்புக்குள் வந்த அக்கா எங்களைக் கண்டு கதவடியிலேயே நின்றார்.

"சேவையர் அண்ணை, நீங்களுமோ?"

"ஓம் தங்கச்சி. பின்னம் மறந்துபோச்சு."

"இது அநியாயம். பொறுங்கோ, நான் போய்க் கதைச்சிட்டு வாறன்."

"வேண்டாம்!" என்று இருவரும் பாய்ந்து கதவை மறித்தோம்.

எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். பிளாஸ்டிக் நாணயங்களைப் பார்த்தார். ஒரு கதிரையை இழுத்து அதில் இருந்தார். அன்று வகுப்பு முடியும்வரை எழும்பவே இல்லை.

அடுத்த வருடக் கோடையில், இரண்டாவது தடவையில், மயிரிழையில் பாஸ் செய்தார். முடிவு தெரிந்த மாலை மூவரும் பஸ் தரிப்பில் நின்றோம். நின்ற கொஞ்ச நேரத்திலேயே, "இந்த பஸ் வந்த மாதிரித்தான்" என்று அக்கா நடக்கத் தொடங்கிவிட்டார். நேர்சரிப் பிள்ளைகளுக்கு என்னென்ன பாட்டுச் சொல்லிக்கொடுக்கலாம் என்று சத்தமாகச் சொல்லியபடி முன்னால் போனார். நாங்கள் இருவரும் மூச்சிரைக்கப் பின்னால் போனோம். சேவையர் அண்ணையின் வீடும் என் அறையும் நேர் எதிர்ப்பக்கம். அதை நாங்கள் அவரிடம் சொல்லவில்லை.