எலும்பு டாக்டர் முன்னால் ஒரு நடை

"நீங்க முன்னால நடங்க சார்."

"நானா? மேடம், நோயாளி நாய்!"

"தெரியும். வாரைப் பிடிச்சுக்கிட்டு அந்தச் சுவர் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வாங்க. அது எப்படி நடக்குதுன்னு நான் பாக்கணும்."

மேனேஜருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு அச்சகத்தையே அதட்டி வேலை வாங்குகிறவர். அவரைப் போய், பெஞ்சு நிறையப் பூனைக்காரர்களும் கிளிக்காரர்களும் உட்கார்ந்திருக்கிற தாழ்வாரத்தில், ரப்பர் விரிப்பின்மேல் நடந்து காட்டச் சொல்கிறார்கள். நடந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுளித்து, நொண்டி நொண்டி நடந்தார். பின்னால் வாலுவும் நொண்டியது. வாலு அவர் வீட்டு நாய்.

"பாத்தீங்களா டாக்டர்? மூணு மாசமா இப்படித்தான்" என்றாள் அவர் மனைவி. நாயைச் சொன்னாளா, அவரைச் சொன்னாளா, தெரியவில்லை.

மேனேஜரின் முட்டிவலியைப் பற்றி இப்போதே சொல்லிவிடுவது நல்லது. அது கிடையாது. வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. வாரத்துக்கு நாலு தண்ணீர் கேன் ஏற வேண்டும். மூன்று மாதம் முன்பு ஒரு காலையில், முதல் கேனைப் பார்த்ததும் அவருக்கு முட்டி வலித்தது. அன்றிலிருந்து கேனை அவள்தான் தூக்குகிறாள். அவர் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு பிஸ்கட் சாப்பிடுகிறார். தனியாகச் சாப்பிட மனம் வராமல் வாலுவுக்கும் பாதி கொடுக்கிறார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் நாயும் நொண்ட ஆரம்பித்தால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது?

"போன வருஷம் அதுக்குத் தோல் டாக்டர். அப்புறம் பல் டாக்டர். கண்ணுக்கு ஒருத்தர், அதுவும் கண்ணுக்கு மட்டும்! இப்ப எலும்பு நிபுணர்!" என்று வீட்டிலேயே குதித்தார். "நாய்க்கு ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு ஆள். எனக்கு? ஒரு தைலம்!"

"உங்களப் பத்து தடவை டாக்டர்கிட்ட கூப்பிட்டேன். வந்தீங்களா?"

"எனக்கு ஆஸ்பத்திரி வாடையே ஆகாது."

"சரி, விடுங்க. நாய்க்காகவாவது வாங்க. வீட்ல அதோட பழகுற எல்லாரும் வரணுமாம்."

வந்தார். இந்த நிபுணர்கள் பேருக்குத்தான் நிபுணர்கள் என்று நாலு பேர் முன்னால் நிரூபிக்கத்தான் வந்தார்.

டாக்டர் அம்மா மெலிந்த ஆள், குரலும் மெலிசு. வாலுவின் இடுப்பை அழுத்தினார், முட்டியை மடக்கினார், பாத விரல்களைப் பிரித்தார். அது சுகமாகக் கொட்டாவி விட்டது. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார்.

"எலும்பு சுத்தம். மூட்டும் சுத்தம்."

"அப்ப ஏன் நொண்டுது?" மேனேஜர் பெஞ்சுக்காரர்களைப் பார்த்துக் கேட்டார். "நிபுணருக்கே தெரியல பாருங்க!"

"அம்மா, இப்ப நீங்க நடங்க."

அவள் வாரைப் பிடித்து நடந்தாள். வாலு நாலு காலிலும் துள்ளிக்கொண்டு போய், சுவரை மோந்துவிட்டுத் துள்ளிக்கொண்டு வந்தது.

"சார், இன்னொரு தடவை நீங்க."

நடந்தார். வாலு நொண்டியது.

டாக்டர் தாழ்வாரத்து ஓரத்தில் இருந்த தன் மேசைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "சார், உங்களுக்கு எந்தக் கால் வலி?"

"வலது."

"உங்க வீட்டம்மா போன வாரம் வீடியோ அனுப்பியிருந்தாங்க. அதுல நீங்க இடதுகால நொண்டுறீங்க. இன்னிக்கு வலது. நாய் அன்னிக்கும் இடது, இன்னிக்கும் இடது. அது ஒழுங்காத்தான் செய்யுது. நீங்கதான் மாத்திட்டீங்க."

கிளிக்காரர் ஒருவர் சத்தமாகவே சிரித்தார்.

"நொண்டினா உக்காரலாம், பிஸ்கட் கிடைக்கும்னு உங்களைப் பாத்து கத்துக்கிட்டிருக்கு. மருந்து அதுக்கு இல்ல சார். நீங்க நேரா நடந்தா அதுவும் நடக்கும்."

மேனேஜர் மனைவி பக்கம் திரும்பினார். "உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"கேனைத் தூக்கிக்கிட்டு நான் மாடி ஏறுறப்ப, எனக்கு முன்னாடி அது பறக்குதுங்க. உங்களப் பாத்தாதான் நொண்டுது. ரெண்டு பேருல யாருக்கு எலும்பு டாக்டர் வேணும்னு எனக்குத் தெரியாதா? உங்களுக்குன்னு சொன்னா வரமாட்டீங்க. நாய்க்குன்னேன், கிளம்பி வந்துட்டீங்க."

"என்ன அநியாயம் இது! கட்டின புருஷனை நாய் டாக்டர்கிட்ட காட்டுவியா?"

கத்திக்கொண்டே விருட்டென்று எழுந்தவர் மேசை விளிம்பைப் பார்க்கவில்லை. வலது முட்டி போய் 'ணங்' என்று இடித்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஐயோ! அம்மா! முட்டி!"

"ஆரம்பிச்சிட்டாரு" என்றாள் அவள். வாரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். "வாங்க, சாயங்காலம் கேன் வருது."

"நிஜமாவே வலிக்குதுடி!"

"சார், அது உங்களத்தான் பாக்குது" என்றார் டாக்டர், அதே மெலிந்த குரலில். "வாசல் வரைக்கும் ஒரு முப்பது அடிதான். தயவு செஞ்சு நொண்டாம நடங்க."

முப்பது அடியும் நொண்டினார்.